மேகத்தின் மேல் பழி எதற்கு?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மாலை. கஜா புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு மாணவன். வேதாரண்யத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் எங்களுடையது. எங்கள் வீடு தளம் போட்ட வீடு என்பதால், கூரை வீட்டுக்காரர்கள் நாலைந்து குடும்பத்தார் எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்திருந்தனர். எல்லார் கண்ணும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல். புயல் எங்கே கரை கடக்கும், எத்தனை மணிக்குக் கடக்கும் என்று ஒருவர் வரைபடத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கனமழை இறங்கியது. படம் சதுரம் சதுரமாகச் சிதறியது. பேசியவர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். பிறகு திரை நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. மின்சாரம் அப்போது இருந்தது; அதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான்.

அப்பா மழையில் நனைந்துகொண்டே மாடிக்கு ஓடி, தட்டைத் துடைத்துவிட்டு வந்தார். பயனில்லை. "மேகம் மறைச்சிருச்சு மாமா, இனிமே வராது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். தாத்தா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, பரண்ல நம்ம ரேடியோ இருக்கும், எடு" என்றார்.

அவர் உப்பளத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பெட்டி அது. டார்ச் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி அதில் போட்டோம். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே திருச்சி வானொலி பேசியது. நள்ளிரவுக்குப் பின் காற்று தென்னைகளை முறித்துப் போட்டபோதும், அதன்பின் பல நாட்கள் மின்சாரமும் கைபேசியும் இல்லாமல் ஊர் கிடந்தபோதும், எங்கள் தெருவுக்குச் செய்தி வந்த வழி அந்தப் பெட்டி ஒன்றுதான்.

'மேகம் மறைச்சிருச்சு' என்ற அந்தச் சொல்லை நானும் வெகுநாள் நம்பினேன். மூன்று ஆண்டுகளாக இக்கல்லூரியில் இயற்பியல் படித்த பின் இப்போது நம்பவில்லை. குற்றம் மேகத்தின் மேல் இல்லை. புயல் நாளில் மக்கள் காதில் விழவேண்டிய செய்தியை எந்த அலையில் ஏற்றி அனுப்புவது என்று மனிதர் செய்த தேர்வில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேராசிரியப் பெருமக்கள் என் பிழைகளைப் பொறுத்தருள்க. பிற துறை நண்பர்கள் நடுவே வரும் எண்களைக் கண்டு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், எண்கள் கொஞ்சம்தான்.

மேகம் என்பது மிக நுண்ணிய நீர்த்திவலைகளின் கூட்டம். ஒரு திவலையின் விட்டம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. மழைத்துளியோ ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு மழைத்துளி உருவாக ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்திவலைகள் ஒன்று சேரவேண்டும். நம் வீட்டுத் தட்டுகளுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 12 கிகா ஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். அந்த அலைக்கு மேகத்திவலை, யானை நடக்கும் வழியில் கிடக்கும் கடுகு. நல்ல கனத்த மேகத்தைக் கடந்து வந்தாலும் அது இழப்பது பெரும்பாலும் அரை டெசிபலுக்குள் அடங்கிவிடும். வலிமையில் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். மிக உயரத்தில் இருக்கும் மேகமோ பனிக்கட்டித் துகள்களால் ஆனது. பனிக்கட்டி இந்த அலையை உறிஞ்சுவதே அரிது. கருத்துத் திரண்டு நம்மை அச்சுறுத்தும் மேகம், அலையின் கண்ணுக்கு வெறும் மெல்லிய புகை.

மழைத்துளியின் கதை வேறு. நீருக்குள் நுழையும் அலை சுருங்கிவிடும். வெளியே இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அலை, துளிக்குள் சில மில்லிமீட்டர்தான். துளியின் அளவும் அலையின் அளவும் அப்போது ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. துளி அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. மற்றொரு பகுதியை நாலாபுறமும் சிதறடிக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் என்ற கணக்கில் மழை கொட்டினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 டெசிபலுக்கு மேல் போய்விடும். நம் பகுதியில் நீர்த்துளியாக மழை விழத் தொடங்கும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். 10 டெசிபலுக்கு மேல் இழப்பு. அதாவது புறப்பட்ட வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை. அவ்வளவு இழப்பைத் தாங்கும் உபரி வலிமை சாதாரண வீட்டு இணைப்பில் இருப்பதில்லை. புயல் மழை 50 மில்லிமீட்டரோடு நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஐரோப்பாவில் தட்டுகள் அடிவானத்தை நோக்கித் தாழச் சாய்ந்திருக்கும். நம் ஊரில் அவை ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். செயற்கைக்கோள் நமக்குத் தலைக்கு மேலேயே இருப்பதால், மழைக்குள் அலை கடக்கவேண்டிய தொலைவு நமக்குக் குறைவு. இயற்கை தந்த அந்தச் சலுகையையும் நம் ஐப்பசி, கார்த்திகை மழை விழுங்கிவிடுகிறது. அப்பா தட்டைத் துடைத்தது முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். தட்டின் மேல் படியும் நீர்ப்படலமும் சிறிது தின்னத்தான் செய்யும். ஆனால் பெரிய திருடன் மாடியில் இல்லை. மாடியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உயரம் வரை நின்றுகொண்டிருந்தான்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று உண்டு. கஜா கரையை நெருங்கியபோது அதைக் கண்காணித்த ரேடார்களில் அதுவும் ஒன்று. அதன் அலைநீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். ஏன் அந்த அளவு? இரண்டு மூன்று சென்டிமீட்டர் அலையாக இருந்தால் முதல் மழைத்திரையிலேயே அது களைத்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் புயலின் மையம் சரியாகத் தெரியாது. 10 சென்டிமீட்டர் அலையோ மழையில் ஒரு சிறு பகுதியை எதிரொலித்துவிட்டு, மீதியோடு உள்ளே ஊடுருவிச் செல்லும். புயலைப் பார்க்கிறவர்கள் மழையைத் துளைக்கும் அலையைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்கள் பார்த்ததை நமக்குச் சொல்லும் பெட்டியோ மழையில் அறுந்துபோகும் அலையை நம்பி இருக்கிறது.

இதில் யார் மீதும் நான் வஞ்சகம் கற்பிக்கவில்லை. குறுகிய அலைக்குச் சிறிய தட்டு போதும், நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை அதில் ஏற்றலாம், விலையும் குறைவு. ஆண்டின் பெரும்பாலான நாட்களுக்கு அது சரியான தேர்வுதான். நான் பேசுவது மீதி நாட்களைப் பற்றி.

மழையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அலையோடு விளையாடும் இன்னொன்று கண்ணுக்கே தெரிவதில்லை. அது காற்றின் கொந்தளிப்பு. சென்ற ஆண்டு எங்கள் துறையிலிருந்து திருப்பதிக்கு அருகே உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்த்து வந்தோம். நடவு முடிந்த வயலில் நாற்று நிற்பதுபோல் 1024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பரப்பு 130 மீட்டருக்கு 130 மீட்டர். 53 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அவை வானத்தை நோக்கி அலையை வீசுகின்றன. மேகமே இல்லாத வெட்டவெளியிலிருந்தும் எதிரொலி திரும்பி வருகிறது. எதில் பட்டுத் திரும்பியது? காற்றில் பட்டுத்தான்.

ஆற்று வெள்ளத்தில் பெரிய சுழி ஒன்று சிறு சிறு சுழிகளாக உடைவதைக் கொள்ளிடக்கரை நண்பர்கள் பார்த்திருப்பார்கள். காற்றிலும் அப்படியே. பெரிய சுழிப்பு சிறிதாகவும், சிறியது இன்னும் சிறிதாகவும் உடைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சுழிப்பும் ஈரக்காற்றையும் வறண்ட காற்றையும், வெப்பக்காற்றையும் குளிர்காற்றையும் கலக்கி விடுகிறது. அதனால் காற்றின் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த எண் தரையருகே ஏறக்குறைய 1.0003, சுழிப்புகளால் ஏற்படும் மாறுதல் ஆறாவது தசம இடத்திலும் அதற்குக் கீழும்தான். அந்த அற்ப மாறுதல் அலையின் நீளத்தில் பாதி அளவுக்கு, அதாவது காதங்கியில் ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஒருமுறை, அமைந்துவிட்டால் எதிரொலிகள் ஒன்றுக்கொன்று துணை நின்று கீழே வருகின்றன. அதைக் கொண்டு மேலே காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள்.

விண்மீன்கள் கண் சிமிட்டுவதும் இந்தக் கொந்தளிப்பால்தான். ஆனால் ஒளிக்கும் வானொலி அலைக்கும் ஒரு வேறுபாடு. ஒளி காற்றின் வெப்ப ஏற்ற இறக்கத்தைத்தான் பெரிதும் பொருட்படுத்தும். நீராவியை அவ்வளவாக மதிக்காது. வானொலி அலையோ நீராவியை மிக நன்றாக உணரும். ஆகவே எங்கள் கடற்கரை போன்ற ஈரம் மிகுந்த இடங்களில், வானம் பளிச்சென்று தெளிந்திருக்கும் நாளிலும் அலையின் பாதை கலங்கியிருக்கலாம். கண்ணை நம்பிச் சொல்லும் தீர்ப்பு இங்கே செல்லாது.

கொந்தளிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தாத்தாவிடம் ஒரு கதை உண்டு. இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி 1982-இல் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி எட்டாத எங்கள் கடற்கரையில், உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி, அதைப் பார்ப்பார்களாம். சில இரவுகளில் படம் கண்ணாடிபோல் இருக்கும்; சில இரவுகளில் மணலை வாரி இறைத்ததுபோல் இருக்கும். "காத்து அசையாம புழுங்குற ராத்திரியிலதான்டா நல்லா தெரியும்" என்பார் தாத்தா. அவர் எந்தப் பாடப்புத்தகமும் படித்தவரல்லர்; சொன்னது முழு உண்மை. அசைவற்ற இரவுகளில் கடலின் மேல் ஈரக்காற்று ஓர் அடுக்காகவும், அதன் மேல் வறண்ட வெப்பக்காற்று இன்னோர் அடுக்காகவும் படிந்துவிடும். மேலே போகவேண்டிய அலை அந்த அடுக்கில் வளைந்து கீழே திரும்பும். கடலில் பட்டு மீண்டும் எழும்பும். இப்படியே குழாய்க்குள் ஓடும் நீர்போல் அடிவானத்தைத் தாண்டி ஓடும். பலத்த காற்று வீசியதும் சுழிப்புகள் அடுக்குகளைக் கலக்கிவிடுகின்றன. குழாய் உடைந்துவிடுகிறது. அலை பழையபடி நேர்கோட்டில் போய், கடலின் வளைவுக்கு மேலே எங்கோ தொலைந்துபோகிறது.

இந்தக் கதையைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. மீன்பிடிப் படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். பேசு கருவியின் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர். மழை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அது அடிவானம் வரை போகும் அலை. படகிலிருந்து கரைக்குச் சில பத்துக் கிலோமீட்டர்தான் அதன் எல்லை. அமைதியான இரவில், காற்றடுக்கின் தயவால், அது வெகுதூரம் எட்டுவதும் உண்டு. அவ்வாறு எட்டியதைக் கேட்டுப் பழகியவர் 'இங்கேயிருந்து கரைக்குப் பேசலாம்' என்று நம்பிவிடுவார். புயல் கிளம்பிக் காற்று கலங்கியதும் அந்த எட்டுதல் போய்விடும். எந்த நாளில் பேசியே ஆகவேண்டுமோ அந்த நாளில் பேச்சு எட்டாது. நல்ல நாளில் கற்ற அனுபவம் கெட்ட நாளில் காலை வாரிவிடுகிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போன நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. எச்சரிக்கையே தாமதமாக வந்தது என்று ஒரு வாதம் உண்டு. அதற்குள் நான் புகவில்லை. ஏற்கெனவே கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இருக்கவில்லை என்பதை எந்த வாதக்காரரும் மறுக்கவில்லை. அதன்பின் செயற்கைக்கோள் வழியே படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்தன. ஒரு லட்சம் படகுகளில் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டமும் 2024-இல் தொடங்கப்பட்டது. நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் அலைகள் ஏறக்குறைய 25 சென்டிமீட்டரும் 12 சென்டிமீட்டரும் நீளமுள்ளவை. அவற்றுக்குப் புயல்மழை பொருட்டல்ல. இங்கே அலையைத் தேர்ந்தவர்கள் வானிலையை எண்ணித் தேர்ந்திருக்கிறார்கள். பாராட்டவேண்டும். (அவற்றுக்கும் ஒரு பகை உண்டு, ஆனால் அது வேறு மாடியில் குடியிருக்கிறது. காந்த நடுக்கோடு தென் தமிழகத்தின் அருகே போவதால், சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தில் எழும் கொந்தளிப்பு இந்த அலைகளைச் சில இரவுகளில் நடுங்க வைக்கும். அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும்.)

கரையில் இருப்பவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் என் கருத்து பலருக்குப் பழமையாகப்படும். மத்திய அலை வானொலியை விட்டுவிடக் கூடாது என்கிறேன். திருச்சி வானொலியின் 936 கிலோ ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு மழைத்துளி என்று ஒன்று இருப்பதே தெரியாது. காற்றின் சிறு சுழிப்புகளையும் அது கண்டுகொள்ளாது. தரையைத் தழுவிக்கொண்டே வருவதால் அடிவானமும் அதற்குத் தடையன்று. உப்புநீர் நன்கு மின்கடத்தும் என்பதால் கடலின் மேல் அது இன்னும் தொலைவு போகும். ஒலிபரப்பும் கம்பம் புயல் தாக்கும் கரையில் இருக்கவேண்டியதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்நாட்டில் இருக்கலாம். கேட்கிறவனுக்கு வேண்டியது இரண்டு பேட்டரி.

குறை இல்லாமல் இல்லை. மின்னல் வெட்டும்போதெல்லாம் பெட்டி கரகரக்கும். கஜா இரவில் பாதிச் சொற்களை நாங்கள் ஊகித்தே கேட்டோம். கம்பம் மிக உயரமாக வேண்டும். மின்சாரச் செலவும் அதிகம். பாட்டுக் கேட்கப் பண்பலைதான் இனிமை. மழை பண்பலையையும் பாதிப்பதில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். எட்டும் தொலைவு குறைவு என்பதுதான் அதன் குறை. இந்தக் காரணங்களால் நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. கணக்குப் பார்க்கிறவர்கள் சாதாரண நாளில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை பொருந்தாது என்பதே என் வழக்கு. தீயணைப்பு வண்டியையும் நாம் தினம் கூப்பிடுவதில்லை. கடலோர மாவட்டங்களுக்குக் கேட்கும் நிலையங்களையாவது வருமானக் கணக்கிலிருந்து விலக்கி, பேரிடர்க் கணக்கில் சேர்க்கவேண்டும்.

விடுதியில் என் அறை நண்பனிடம் இதைச் சொன்னபோது, "எவன்டா இப்ப ரேடியோ கேக்கறான்? எல்லாம் போன்லயே வருதே" என்றான். கோபுரம் சாய்ந்து, மின்சாரமும் போனபின் போனில் என்ன வரும் என்று கேட்டேன். அவன் தருமபுரிக்காரன், கடலோரப் புயலை அவன் பார்த்ததில்லை. கஜாவுக்குப் பின் எங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, காலையும் மாலையும் தெருவுக்கே செய்தி வாசித்ததை அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். நம்பினானா என்று தெரியவில்லை.

கடைசியாக, நம் துறைக்கு ஒரு விண்ணப்பம். நமது பாடத்தில் அயனி மண்டலத்துக்கு ஓர் அலகு முழுவதும் இருக்கிறது. நாம் மூச்சு விடும் கீழ்க்காற்றில் அலை படும் பாடு ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. சிற்றலை வானொலி கோலோச்சிய காலத்துக்கு அது சரி. இன்று நம் செய்தி முழுவதும் கீழ்க்காற்றையும் மழையையும் கடந்தல்லவா வருகிறது? பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டியின் பட்டியலில் சிக்னல் வலிமை எண்ணாகவே காட்டப்படுகிறது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, விடுதியின் பொது அறையில் உள்ள பெட்டியில் அந்த எண்ணைக் காலை, மாலை, மழை பெய்யும்போதெல்லாம் எழுதிவைக்கலாம். பக்கத்தில் மழையளவு. கூடவே, திருச்சி எப்படிக் கேட்டது, இரவில் இலங்கைப் பண்பலை ஏதேனும் எட்டியதா, காற்று அடித்ததா, அடங்கியிருந்ததா என்ற குறிப்பு. ஐந்தாறு பேர் முறை போட்டுக்கொண்டால் போதும். மேகம் மூடிய நாளில் எண் எவ்வளவு இறங்குகிறது, மழை கொட்டும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதை நம் ஊர்க் கணக்காகவே பார்த்துவிடலாம்.

தாத்தாவின் வானொலியை ஊரிலிருந்து கொண்டுவந்துவிட்டேன். மழைமானிக்கு ஒரு தகர டப்பாவும் அளவுகோலும் தயார். விடுதி மாடியின் சாவி மட்டும் காப்பாளர் ஐயாவிடம் இருக்கிறது.